ஒரு சுத்துக்கு எவ்வளவு குடிக்கும்?

போன மாதம் பேரப்பிள்ளைகளோடு ஒரு மலை ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ஏரியில் மோட்டார் போட் விடுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் பெட்ரோலும் ஆயிலும் பாசியும் கலந்த ஒரு வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன. நான் அதை ஆசையாக இழுத்து இழுத்து மோந்தேன். வாய் சும்மா இருந்ததா? போட் ஓட்டியவரிடம், "தம்பி, ஒரு சுத்துக்கு எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரை லிட்டரும்மா. என்னைக்கும் அதே அளவுதான்" என்றார். "இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்று என் மகள் முறைத்தாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? கருவேல மரத்தைத் தவிர நிழல் இல்லாத எங்கள் நரிக்குடிப் பக்கத்திலும் ஒரு மோட்டார் போட் ஓடியது என்று சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

அது என் அக்கா ஜெயமேரியின் வீட்டுக்காரர் அந்தோணி அத்தானின் போட். அத்தான் வெளிநாட்டுத் துறைமுகத்தில், கப்பலை இழுக்கிற படகுகளில் எஞ்சின் பார்த்தவர். தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசியில் லீவில் வந்திருந்தபோது விடாத அடைமழை பிடித்தது. பல வருடம் ஆடு மேய்ந்து கிடந்த கண்மாய், கலுங்கு தாண்டி வழிந்தது. அவருக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, தூத்துக்குடிக்குப் போய் ஒரு பழைய பைபர் போட்டையும் சின்ன எஞ்சினையும் வாங்கி, உப்பு லாரியில் மூட்டைகளுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். திருச்சுழியிலிருந்து லாரிக்குப் பின்னாலேயே சைக்கிள்கள் வந்தன. கடல் நம்ம ஊருக்கு வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னாராம்.

நான் அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்கப் புதுத்துணிக் கஞ்சி வாடை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் ஊருக்கு வந்து பூசை முடிந்து கண்மாய்க் கரையில் இறங்கினால் அந்தப் பெட்ரோல் வாடை. எனக்கு ஞாயிறு என்றால் இன்றைக்கும் அதுதான்.

போட்டில் ஏற அத்தான் காசு வாங்கவில்லை. ஏறுகிறவர்கள் எண்ணெய் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் விற்ற காலம். வீரசோழனிலிருந்துகூட ஜவுளிக்கடை பாய் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கையில் பாட்டிலோடு வருவார். ஒரு பாட்டிலுக்கு எத்தனை சுற்று என்று எல்லாருக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா? அத்தான் ஒரு பனை ஈர்க்கை வைத்திருந்தார். டாங்கிக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் சட்டென்று நகத்தை வைப்பார். பெட்ரோல் ஈரம், காற்றுப் பட்டால் நொடியில் காய்ந்துவிடும். பிறகு தண்ணீரின் ஓரத்தை ஒட்டியே முழுக் கண்மாயையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி ஈர்க்கை விடுவார். கார்த்திகையில் பாட்டிலுக்கு இரண்டு சுற்று.

அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை பிறந்தபோது அத்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. அவர் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பிள்ளையவாச்சும் மொதல்ல நீங்க தூக்கணும்" என்று அக்கா கேட்டிருந்தாள். "கண்மாய்ல தண்ணி கெடக்குற வரைக்கும் நான் எங்கயும் போகலடி" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். தண்ணீர் கிடந்தால் வெள்ளாமை, ஆண்கள் ஊரில் இருப்பார்கள். வற்றினால் பெட்டியைத் தூக்குவார்கள். பிள்ளை ஆனியில் பிறக்கும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

தை மாதம் அத்தான் ஈர்க்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். "ஏ ஜெயமேரி, பாட்டிலுக்கு ரெண்டரைச் சுத்து வருது! பிளக்கு மாத்துனேன்ல, எஞ்சினு இப்பத்தான் பழகியிருக்கு." அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். மாசியில் மூன்று. அத்தான் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்ததைப் பெருமையாகச் சொன்னார். பங்குனியில் நாலு. ஊரே எஞ்சினைப் பாராட்டியது. நானும் கடையில் கூட வேலை செய்த பெண்களிடம், எங்க அத்தான் கைபட்டால் எஞ்சின் தண்ணீரிலேயே ஓடும் என்று அளந்து விட்டேன்.

அந்தப் பங்குனியில் ஒரு ஞாயிறு, அக்காவோடு துணி துவைக்கப் போனேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் கிடந்த துவைகல் வெடித்த கரம்பை மண்ணில் தனியாக நின்றது. அதைத் தாண்டி வெகுதூரத்தில் தண்ணீர்.

"எஞ்சினு ஒண்ணும் கொறைச்சுக் குடிக்கலடி. சுத்துதான் சின்னதாப் போச்சு" என்றாள்.

"அத்தானுக்குத் தெரியாதா?"

"எஞ்சினு நெனப்புல இருக்காக. அப்படியே இருக்கட்டும். தண்ணி நெனப்பு வந்தாத்தான் வெளிநாட்டுக்குப் போற நெனப்பும் வரும். நீ வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் ஒரு பாட்டிலுக்கு எட்டுச் சுற்று ஓடியது. அடுத்த வாரம் போட் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கோடை நெல் கதிர் வாங்காமலே கருகியது. வைகாசி பிறந்ததும் அத்தான் கிளம்பினார். அக்கா வாசலோடு நின்றுகொண்டாள், அழவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட நான் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் திடீரென்று சொன்னார்: "எஞ்சினு என்னைக்கும் ஒரே அளவுதான் குடிச்சுச்சு, பாப்பா. இத்தன வருசமா எஞ்சினு பாக்குறேன், எனக்குத் தெரியாதா? சுத்து கூடுதுன்னு சொன்னா உங்க அக்கா சிரிச்சா. தண்ணி வத்துறது அவ கண்ணுல படாம இருக்கட்டுமேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." பஸ் கிளம்பிவிட்டது. நான் அழுததை அவர் பார்த்தாரோ என்னவோ.

ஆனியில் பெண் பிறந்தது. ஸ்டெல்லா என்று பெயர் எழுதி அனுப்பியவர் அத்தான்தான். அவளை அவர் போட்டோவில்தான் பார்த்தார். மறு வருடம் அங்கேயே மஞ்சள் காமாலையில் இறந்துபோனார், பெட்டியில் வந்தார். அடக்கம் முடிந்த அன்று, அவர் பஸ்ஸில் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய், கவிழ்ந்து கிடந்த போட்டின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

போட் கொஞ்ச காலம் விறகுக்கு மூடியாக இருந்தது, பிறகு உடைந்து போனது. எஞ்சின் இரும்புக்குப் போனது. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். எப்போதாவது மழை வந்தால் நடுவில் கொஞ்சம் தேங்கும். சுற்றி வர எண்ணெய் வேண்டாம், குறுக்கே நடந்தே போய்விடலாம்.

மலையிலிருந்து திரும்பியதும் அக்காவைப் பார்க்கப் போனேன். ஏரியைப் பற்றி, அந்த வாடையைப் பற்றி, போட்காரரிடம் கேட்டு மகளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றிச் சொன்னேன். அவள் அதற்கெல்லாம் சிரிக்கவில்லை.

"சுத்துக்கு எவ்வளவு குடிக்குதாம்?"

"அரை லிட்டராம். என்னைக்கும் அதே அளவுதானாம்."

அக்கா சொன்னாள்:

"அப்ப அந்தூருப் பொம்பளைக குடுத்து வச்சவுக."