சிவப்பு ஒயரா, கருப்பு ஒயரா

ஜெபக்குமார் நல்லவரா என்று கேட்டால் யோசிக்காமல் ஆமாம் என்பேன். பொறுமைசாலியா என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். புதுக்கோட்டை கீழராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் ஜெராக்ஸ் கடையும் அவருடைய செல்போன் சர்வீஸ் கடையும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் என் வீட்டுக்காரரைப் போனில் திட்டினால் அவருக்குக் கேட்கும். என்னை அக்கா என்பார். நான் தம்பி என்பேன், மரியாதையோடுதான்.

வேலையில் கெட்டிக்காரர். கிணற்றில் விழுந்த போன், பஸ் ஏறி நசுங்கிய போன், மற்ற கடைக்காரர்கள் கைவிரித்த போன் எல்லாம் அவரிடம் வந்து சேரும். செல்போன் மெக்கானிக்குகளுக்கென்று டெலிகிராமில் ஒரு குரூப்பும் தொடங்கினார். நாகர்கோவிலிலிருந்து துபாய் வரை ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். முகம் தெரியாத எவனோ ஒருவன் போனுக்குள் இருக்கும் சிக்கலான போர்டு ஒன்றைப் படமெடுத்துப் போட்டால் போதும், சோற்றை மறந்துவிட்டு உட்கார்ந்து வழி சொல்வார். அதில் அவருக்கு ஒரு பைசா வரவு கிடையாது. சொல்லித் தீர்த்தபின் முகத்தில் ஒரு களை வரும், அதுதான் வரவு.

ஆனால் எளிய கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் அரிச்சுவடியில் சந்தேகம் கேட்டால் இவருக்கு முகம் கடுகடுத்துவிடும். அதற்கென்றே ஒரு வாசகம் எழுதி குரூப்பின் உச்சியில் ஒட்டிவைத்தார். "அடிப்படை தெரியாதவர்கள் படித்துவிட்டு வரவும். இங்கே பால்வாடி நடத்தவில்லை." அதற்குப் பிறகும் கேட்டால் வெளியே தள்ளிவிடுவார். பழைய ஆட்களுக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடித்துப்போனது. புதியவர் வாயைத் திறந்ததும் ஆளாளுக்கு அதை எடுத்துப் போட்டுச் சிரிப்பார்கள்.

"ஏன் தம்பி, நீங்க மீட்டரைக் கையில புடிச்சுக்கிட்டேவா பொறந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எனக்கு யாருக்கா சொல்லிக் குடுத்தா? மெட்ராஸ்ல மொதலாளி முதுகுக்குப் பின்னால நின்னு எட்டி எட்டிப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். கேட்டா மண்டையில குட்டு விழும். சும்மா கெடைச்சா மனசுல நிக்காதுக்கா" என்றார். வாங்கிய குட்டுகளையெல்லாம் ஊரானுக்குத் திருப்பிக் கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் டீ குடிக்கும்போது, குரூப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அறந்தாங்கிப் பெண், பெயர் அன்புமொழி. புருஷன் சவூதியில். வீட்டிலேயே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு செல்போன் வேலை பழகுகிறாள். போனுக்குள் எங்கே கோளாறு என்று மீட்டரின் இரண்டு ஒயர்களை வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதில் கிரவுண்ட் என்று சொல்கிற இடத்தில் வைக்க வேண்டியது சிவப்பு ஒயரா, கருப்பு ஒயரா என்று கேட்டிருக்கிறாள். உடனே வாசகம் விழுந்திருக்கிறது. "படிச்சேன் சார். ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கு. அதான் கேக்குறேன்" என்று மறுபடி கேட்டிருக்கிறாள். இவரே தன் கையால் வெளியே தள்ளிவிட்டார்.

"ஒத்த வார்த்தை. அதைச் சொல்லிட்டுத் தள்ளியிருக்கலாமே" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. டீக்குச் சீனி கூட என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அதற்கப்புறம்தான் விபத்து. திருச்சியில் உதிரிபாகம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நார்த்தாமலை பக்கம் வண்டி சறுக்கித் தலையில் அடி. ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்ததாம். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, ஆட்களை அடையாளம் தெரிந்தது. வலது கை விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. போன் நொறுங்கி, அந்த நம்பரும் கைவிட்டுப் போனது. குரூப்பை, அவர் முன்பே பொறுப்புக் கொடுத்து வைத்திருந்த ஆட்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்கும் இவருக்கு அடிபட்டது தெரியாது.

ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த கடையை அவர் மனைவி வனிதா திறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அன்று அரைநாள் லீவு போட்டிருந்தாள். என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு போனாச்சும் அவரா சரி பண்ணிட்டாருன்னா கடையை வச்சுக்குவோம்க்கா. இல்லேன்னா விட்டுறலாம்னு இருக்கேன். நீங்க கூட இருந்து பாத்துக்கங்க" என்றாள்.

என்னிடம் பழைய போன் ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கொடுத்தேன். இடது கையாலேயே அழகாகக் கழற்றினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து மீட்டரின் ஒயர்களை எடுத்தார். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போர்டையே பார்த்தார். வைக்கவில்லை.

"அக்கா, இதுல எதைக் கிரவுண்டுல வைக்கணும்?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. என் போனில் வீடியோ தேடிக் காட்டினேன். ஒருவன் கருப்பு என்றான், இன்னொருவன் சிவப்பு என்றான். அவர் இன்னும் குழம்பிப்போனார்.

"நம்ம குரூப்புல கேளுங்கக்கா. அங்கிட்டு எல்லாரும் நம்ம ஆளுக. ஒடனே சொல்லிருவாக" என்றார். அப்படிச் சொல்லும்போது முகத்தில் பழைய தெம்பு வந்தது.

என் நம்பரில் சேர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினேன். அனுப்பிய கையோடு பதில் வந்தது. அடிப்படை தெரியாதவர்கள் படித்துவிட்டு வரவும், இங்கே பால்வாடி நடத்தவில்லை. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சமையல் குரூப் அந்தப் பக்கம் அக்கா என்று ஒருவன் எழுதியிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படித்துப் பார்த்தேன், இரண்டு விதமாக இருக்கிறது, தயவுசெய்து சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. தள்ளிவிட்டார்கள்.

ஜெபக்குமார் போனை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

"இது நான் எழுதுனதுதானக்கா."

"இருங்க தம்பி, அந்த அட்மினுக்குத் தனியா எழுதுறேன். கேட்டது யாருன்னு தெரிஞ்சா பதறிப்போயிருவானுக."

"வேணாங்க்கா. நான்னு தெரிஞ்சா சொல்லத்தான் செய்வாக." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் புள்ளையும் இதைத்தான கேட்டுச்சு."

"எந்தப் புள்ளை?"

"அறந்தாங்கிப் புள்ளை. அன்புமொழி."

எனக்கே அவர் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆயுசு முழுக்கக் கையில் பிடித்த ஒயர் மறந்துபோயிருக்கிறது, ஒரே ஒருநாள் பார்த்த அந்தப் பெயர் மறக்கவில்லை. இது என்ன கொடுமை என்று இருந்தது.

சாயங்காலம் வனிதா வந்தபோது, கழற்றிய போன் கழற்றியபடியே கிடந்தது. அவராகவே கடைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். நான் அழுதேன், மறைக்கவில்லை. அவள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போது என் கடை வாசலுக்கு வந்தார்.

"அக்கா, அந்தப் புள்ளையை எப்படியாச்சும் தேடிப் பாருங்க. பதில் சொல்லணும்."

"பாக்குறேன் தம்பி. கெடைச்சா என்னன்னு சொல்லட்டும்?"

ஒயரைப் பிடித்ததுபோல இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார்.

"தெரியலையேக்கா" என்றார்.