கப்பின் அடியில் கிடந்த காசு

பினாயில் மாதிரி, ஆனால் அதைவிடக் காட்டமான ஒரு வாசம். ரோஸ் கலர் திரவத்தில் கரையும் கோழி மண்ணீரல்... ஜன்னலுக்கு வெளியே முட்டை லாரிகளின் ஹாரன். என் முதல் வேலையை நினைத்தால் இதெல்லாம்தான் முதலில் வருகிறது.

நாமக்கல்லில், கோழி நோய் பார்க்கும் ஒரு தனியார் லேப். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வளர்ந்தவன். கோழியைப் பிரியாணியில் மட்டுமே பார்த்த ஆள்.

சரசக்கா பரமத்திப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் பண்ணை. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இரண்டு பண்ணையிலும் வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய் வந்து, கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தன. நோய் அக்காவின் கொட்டகையிலிருந்துதான் வந்தது என்று தம்பி சொல்லிவிட்டார். அதோடு அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

இரண்டு பக்கமும் வந்தது ஒரே வகை வைரஸா என்று பிரித்துப் பார்க்க அப்போது லேபில் வசதி இல்லை. இரண்டு பண்ணையிலும் செத்த கோழிகளின் மண்ணீரலைத் துண்டு போட்டு, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து மெஷின் வந்தது. செய்தி காதில் விழுந்ததும் அக்கா வந்துவிட்டார்.

"சாமி, புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்குதுங்க. தாய்மாமன் வந்து நிக்கோணுமுங்க. ரெண்டு பக்கமும் வந்தது வேற வேற சீக்குன்னு தெரிஞ்சா அவன் வந்துருவானுங்க."

துண்டிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை எடுத்தால் ஒன்றா வேறா என்று சொல்லிவிடலாம். ஒன்றாக இருந்தால்? அதை அக்கா கேட்கவில்லை.

ஆர்.என்.ஏ. பொல்லாதது. உறைந்த துண்டு இளகுவதற்குள் திரவ நைட்ரஜனை ஊற்றி, பீங்கான் உரலில் இடித்து, அந்த ரோஸ் திரவத்தில் போட்டுவிட வேண்டும். இளகவிட்டால் கொஞ்ச நேரத்தில் சுக்குநூறாகிவிடும்.

லேபில் ஒரு வழக்கம் இருந்தது. ஃப்ரீசருக்குள் ஒரு கப்பில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைப்பார்கள். கரண்ட் போய் உள்ளே இளகினால் காசு அடியில் இறங்கிவிடும். திரும்ப உறைந்தாலும் அங்கேயே கிடக்கும். நல்ல யோசனைதான். ஆனால் வைத்த மகராசன்கள் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை! ஃப்ரீசர் கதவில் மைனஸ் எண்பது என்று எரிந்தால் போதும் அவர்களுக்கு.

கப்பை மூடியிருந்த பனியைச் சுரண்டினேன்.

காசு அடியில் கிடந்தது.

ஏதோ ஒரு நீண்ட லீவில் கரண்ட் போய், யாரும் வருவதற்குள் திரும்ப வந்தும் இருக்கிறது.

மனசு கேட்காமல் இடித்துப் பார்த்தேன். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆர்.என்.ஏ. முழுசாக இருந்தால், அதை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில் இரண்டு கோடு பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்ததோ மேலிருந்து கீழ்வரை இழுபட்ட கறைதான். மெஷினில் போட்டும் ஒன்றும் வரவில்லை.

"அப்ப, எங்கூட்டுக் கோழியில இருந்து வல்லைன்னு சொல்ல முடியாதுங்களா?"

"முடியாதுங்க அக்கா."

"வந்துச்சுன்னும் சொல்ல முடியாதுங்களே?"

"அதுவும் முடியாதுங்க."

"செரி சாமி." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமா நின்றார். அக்கா சிரித்த முகமாகப் பந்தியைக் கவனித்தார்.

இப்போது வேறு லேபில் இருக்கிறேன். ஃப்ரீசர் கொஞ்சம் சூடானாலே போனில் அலாரம் அடிக்கிறது. இருந்தும் ஒரு கப்பும் காசும் வைத்திருக்கிறேன். வாரா வாரம் எட்டிப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள்... செய்யட்டும்.

போன மாசம் அந்தத் தம்பி மாரடைப்பில் போய்விட்டார். கடைசி வரை அக்காவிடம் பேசவில்லை. துக்கம் கேட்கப் போன என்னை அக்கா ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தத் துண்டெல்லாம் பழைய லேபுல இன்னும் இருக்குதுங்களா சாமி?"

"இருக்குதுங்க அக்கா."

"புது மிசினு ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?"

"அவரே போயிட்டாருங்களே... இனி யாருக்குங்க அக்கா?"

"எனக்குத் தெரியோணுமுங்க. அவங்கோழியெல்லாம் என்னாலதான் செத்துச்சா?"

கோழிகள் செத்த அன்றைக்குத் துண்டு நன்றாக இருந்தது, மெஷின் இல்லை. இன்றைக்கு எத்தனையோ மெஷின் இருக்கிறது. துண்டில்தான் ஒன்றுமில்லை.

"பாக்கறனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.