போனுக்குள் இருந்த வாப்பா

பாலர் பாடசாலை டீச்சர் என்றால் கை தட்டிப் பாட்டுப் பாடிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்குப் போகிற வேலை என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் வந்து ஒரு வகுப்புப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துப் பார்க்கட்டும். கல்முனைப் பக்கம், கடற்கரையோரப் பள்ளிக்கூடம் எங்களுடையது. காற்றடித்தால் மணல் வரும், மீன் வாடை வரும், பிள்ளைகளின் கதை மட்டும் காற்று இல்லாமலே வரும். நாலு வயதுப் பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வருஷம் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

கேற்றடியில் நின்றவர்

ஹானாவின் வாப்பா ரியாஸுக்குக் கட்டாரில் வேலை. மகள் குப்புறப் புரளத் தொடங்கிய நேரம் போனவர், அவள் எங்கள் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் லீவில் வந்தார். வந்த மறுநாளே மகளைப் பள்ளிக்குக் கூட்டி வந்தார். கூட்டி வந்தார் என்று சும்மா சொல்கிறேன். மகள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வர, இவர் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் ஓர் அடி கிட்ட வைத்தால் பிள்ளை உம்மாவின் அபாயாவுக்குள் புகுந்துவிடுகிறது.

இத்தனைக்கும் ஒவ்வொரு நாளும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு போனில் முகம் பார்த்து மணிக்கணக்கில் கதைக்கிற பிள்ளையாம். முத்தம் கொடுத்துக் கொடுத்தே போன் ஈரமாகிவிடும் என்று உம்மா சொன்னா. ரியாஸ் வாசல் கேற்றடியில் நின்று போத்தலை என்னிடம் தந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஒரு மாசம்தான் டீச்சர் லீவு. போறத்துக்குள்ள ஒரிக்கா என்ட முகத்தப் பாத்து வாப்பா எண்டு கூப்பிட்டாக் காணும்."

சூடை மீன்

வருஷ முடிவில் வைக்கிற கலைவிழாவுக்குப் பிள்ளைகள் அன்பைப் பற்றி ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும் என்று அந்தக் கிழமைதான் முடிவானது. நானே எழுதிக் கொடுக்காமல் அவர்கள் வாயிலிருந்தே எடுப்போம் என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். முதலில் எழும்பியவன் ஹம்தான். கடல் தொழில் செய்கிறவரின் மகன், எதையும் யோசித்துப் பேசுகிற ஆள்.

"அன்பு எண்டா சூடை மீன்ல முள்ளு எடுத்துத் தாறது" என்றான். சூடை மீன் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதில் மீனை விட முள்ளுத்தான் கூட. யார் எடுத்துத் தருவது என்று கேட்டேன். உம்மாவாம். தன் சோறு ஆறிப்போகும் வரைக்கும் இருந்து எடுப்பாவாம். எனக்கு அவன் வாப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. விடிய முதல் கடலுக்குப் போய் அந்த மீனைப் பிடித்துக்கொண்டு வருகிறாரே, அது அன்பு இல்லையா என்று கேட்டேன். ஹம்தான் கொஞ்ச நேரம் யோசித்தான். "இல்ல டீச்சர். அது தொழில்."

கடித்த வடை

இடைவேளையில் அடுத்தவர் சாப்பாட்டுப் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் சட்டம். இமாத் அதை ஒவ்வொரு நாளும் மீறுகிறான் என்று முறைப்பாடு வந்தது. பார்த்தால் உண்மைதான். பக்கத்தில் இருக்கும் ஸஹ்லின் பெட்டியைத் திறந்து, பருப்பு வடையில் ஒரு கடி கடித்து, மென்று, கண்ணை மூடித் திறந்து, பிறகு மிச்சத்தை அவன் கையில் வைக்கிறான். ஸஹ்லும் ஒரு மறுப்பும் இல்லாமல் அந்தப் பல் அடையாளத்தின் மேலேயே கடித்துச் சாப்பிடுகிறான்.

கூப்பிட்டு விசாரித்தேன். உன் பெட்டியிலும் வடை இருக்கும்போது ஏன் அவனுடையதைக் கடிக்கிறாய் என்று குரலை உயர்த்தித்தான் கேட்டேன். இமாத் பயப்படவில்லை. இதுகூட விளங்காத டீச்சரா என்று என்னைப் பார்த்த பார்வைதான் மிச்சம். "உறைக்கிதா எண்டு பாத்த டீச்சர். உறைச்சா அவன் அழுவான்."

கால் இல்லாதவர்

லீவில் பாதிக்கு மேல் போய்விட்டது. ரியாஸ் ஒவ்வொரு நாளும் பள்ளி விட முன்னமே வந்து கேற்றடியில் நின்றார். பொம்மை கொண்டுவந்து பார்த்தார், ஐஸ்கிறீம் வாங்கிப் பார்த்தார். பொம்மையையும் ஐஸ்கிறீமையும் ஹானா எடுத்துக்கொண்டாள், கொண்டுவந்தவரை மட்டும் எடுக்கவில்லை. அந்த மனிதர் மெலிந்துகொண்டு வருவது எனக்கே தெரிந்தது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் எங்கள் ஊரில் கொழுத்துத்தான் திரும்பிப் போவார்கள்.

வசனம் சொல்லும் முறை ஹானாவுக்கு வந்தபோது, "அன்பு எண்டா எங்கட வாப்பா போன்ல கோல் எடுக்கிற" என்றாள். அவர்தான் இப்போது ஊருக்கே வந்துவிட்டாரே, அதோ கேற்றடியில் நிற்கிறாரே என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அது வேறு ஆளாம். வீட்டுக்கு வந்திருக்கிறாராம். உம்மா அவருக்குக் கோழிக்கறி எல்லாம் வைக்கிறாவாம். முகம் வாப்பாவின் முகம் மாதிரித்தானே இருக்கிறது என்று நான் விடாமல் கேட்டேன். அவள் என் காதுக்குக் கிட்ட வந்து, என்னைத் திருத்துகிற மாதிரி மெல்லச் சொன்னாள்: "இவருக்குக் கால் இரிக்கி டீச்சர். எங்கட வாப்பாக்குக் கால் இல்ல."

யன்னல்

பிள்ளை சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. போனில் அவள் கண்ட வாப்பாவுக்குத் தலையும் தோளும் மட்டும்தான். இதை ரியாஸிடம் எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு மனமாக இருக்க, லீவின் கடைசிக் கிழமையில் ஒரு நாள் திடீரென்று மழை கொட்டியது. கேற்றடியில் நின்றவர் ஓடிவந்து எங்கள் வகுப்பின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். "யன்னலச் சாத்துங்க கா, பாய் நனையிது" என்று என்னோடு படிப்பிக்கிற பஸீலா டீச்சர் சத்தம் போட்டா. கொளுக்கி உடைந்து மாதக்கணக்கு, எதைச் சாத்துவது? திறந்த யன்னல் சட்டத்துக்குள் ரியாஸின் தலையும் தோளும் தெரிந்தன.

நிறம் தீட்டிக்கொண்டிருந்த ஹானா நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நேற்றுக் கதைத்த கதையைத் தொடர்கிற மாதிரி, "வாப்பா, இண்டைக்கு ஏன் வெள்ளெனக் கோல் எடுத்த?" என்றாள்.

ரியாஸ் யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன். பஸீலா டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றா. "சும்மாதான் மகள், உங்களப் பாக்கணும் போல இரிந்திச்சு" என்று ஒருவழியாகச் சொன்னார். கதவுப் பக்கம் வரும்படி நான் கையைக் காட்டினேன். மனிதர் விளங்கிக்கொண்டார். கதைத்துக்கொண்டே அடுத்த யன்னலுக்கு மெல்ல நடந்தார், உள்ளே ஹானாவும் அவரோடு நடந்தாள். காலை என்ன சாப்பிட்டாள், யார் தள்ளி விட்டது, எல்லாக் கதையும் வந்தது. யன்னல் முடிந்து கதவு வந்தது. முழங்கால் வரை மடித்த காற்சட்டையும் சேறு பட்ட காலுமாக முழு வாப்பாவும் வாசலில் நின்றார். ஹானா முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள். ஒரு விரலால் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அந்தக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்: "டீச்சர், எங்கட வாப்பாக்குக் கால் வந்திட்டு."

பயணம் போன மறுநாள்

மிச்சம் இருந்த நாட்களில் அவர் அவளைத் தோளில் வைத்துக்கொண்டே திரிந்தார். வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் அவரை ஒரு தரம் நடந்து காட்டச் சொன்னாள், அவரும் வெட்கப்படாமல் நடந்தார். பிறகு லீவு முடிந்து போய்விட்டார். மறுநாள் அவள் வரும்வரை நான் கேற்றடியிலேயே நின்றேன். அறியாமலே இருந்திருந்தால் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லையே, நாங்கள் சேர்த்து வைத்தது பிரித்துக் காட்டத்தானா என்று ராவெல்லாம் யோசித்திருந்தேன்.

ஹானா வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, வாப்பா எங்கே மகள் என்று பயந்து பயந்து கேட்டேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "திரும்பப் போனுக்குள்ள போயிட்டாரு. ஆனா இப்ப கால் இரிக்கிதானே டீச்சர், நடந்து வருவாரு."

அன்பைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன படிப்பித்தேன் என்று யாராவது கேட்டால், அல்ஹம்துலில்லாஹ், அந்த யன்னல் கொளுக்கியைத் திருத்தாமல் விட்டேன் என்பதைத் தவிரச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறொன்றும் இல்லை.