மாமாவின் இடது கெண்டைக்கால்

எங்கள் வீட்டில் யாருக்காவது வலி என்றால் அப்பா “எங்கே வலி?” என்று கேட்க மாட்டார். “எதுக்கு வலி?” என்றுதான் கேட்பார். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் ஓடும் மின்சார ரயிலில் அவர் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாதவர்களுக்கு அவரைக் கண்டதும் நெஞ்சுவலி, வயிற்றுவலி, அத்தையின் சாவு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். தினமும் இதைப் பார்த்தவர், உலகத்தில் உண்மையான வலி ஒன்று இருக்கிறது என்பதையே ஒப்புக்கொள்வதில்லை. பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் மட்டும் வரும் என் தலைவலி அவருடைய கொள்கைக்கு நல்ல ஆதாரமாக இருந்தது.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வேலை தேடி வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து பெருங்களத்தூரில் எங்களோடு இருந்தார். பட்டறை வேலையைக் கண் எரிகிறது என்று விட்டார். பம்மலில் தோல் பதனிடும் வேலையை மூக்கு தாங்கவில்லை என்று விட்டார். மூட்டை தூக்கும் வேலையை முதுகைக் காட்டி விட்டார். இப்படி உறுப்புக்கு ஒரு வேலையாக விட்டுக்கொண்டே வந்ததில் மிச்சம் இருந்தது கால் மட்டும்தான். அதை நம்பித்தான் ஒரு வாரம் சைக்கிள் விடப்போவதாக அறிவித்தார்.

எண்பதுகளில் அது பெரிய வித்தை. மைதானத்தின் நடுவே கம்பம் நட்டு, அதில் கொடியேற்றி, குழாய் ஸ்பீக்கர் கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்திருப்பார்கள். உள்ளே ஒருவர் இரவும் பகலும் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார். சாப்பாடு, குளியல், முகச்சவரம் எல்லாமே சைக்கிள் மேல்தான். கால் தரையில் பட்டால் அவ்வளவுதான், ஆட்டம் காலி. மற்ற அவசரங்களுக்கு இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடித்தபடி கூடவே ஓடுவார்கள். போர்வைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது என்பது ஊரின் முதல் சந்தேகம்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் ஏற்பாடு. சைக்கிளும் மைக் செட்டும் கொடுத்தவர் சைக்கிள் கடை பாய். “முழுசா முடிச்சிட்டு வா தம்பி, கடையில சேர்த்துக்கிறேன்” என்று அவர் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் ஞாயிறு ராத்திரியே வந்தவாசி பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

“அவன் கால் கீழே படுதா பாரு. பட்டா வந்து சொல்லு” என்று என்னை உளவாளியாகவும் நியமித்தார் அப்பா. பத்து வயதில் எனக்கு உடம்பு இருந்த இருப்புக்கு வேறு எந்த விளையாட்டிலும் இடம் கிடைக்காததால் ஒப்புக்கொண்டேன். ஆனால் பக்கோடா கடை காற்றடிக்கும் பக்கமாக இருந்தது. பக்கோடாவைப் பார்த்த நேரத்தில் மாமா இறங்கி ஒரு தூக்கம் போட்டு ஏறியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா டூட்டி முடிந்து வெள்ளைப் பேண்ட்டோடு மைதானத்துக்குள் நுழைந்த அதே நேரத்தில் மாமா “ஐயோ!” என்றார். இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு காலாலேயே மிதித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி சுற்றினார்.

“பார்த்தியா? என்னைக் கண்டதும் வருது” என்றார் அப்பா. “நாளைக்கு இறங்கறதுக்கு இன்னிக்கே அஸ்திவாரம்.”

கூட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியர் கிளம்பினார்.

“உப்பு கொறைஞ்சி போச்சுப்பா. மோர்ல போட்டுக் குடு.”

“உப்பு இன்னா பண்ணும்? வாயப்பயம் குடு, சரியாப் பூடும்.”

“சீட்டு எறங்கிக்கீது, அதான் குரக்களி இஸ்துப் புடிக்குது.”

பாய்க்குப் போட்டியான வண்டலூர் சைக்கிள் கடைக்காரன் மைதானத்தில் செய்வினை வைத்து எலுமிச்சம்பழம் புதைத்துவிட்டான் என்று ஒருவர் காதோடு காதாகச் சொன்னது, நொடியில் எல்லார் காதுக்கும் போனது. உப்பு மோர் கொடுத்தார்கள். வாழைப்பழம் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டே சீட்டைக்கூட உயர்த்தினார்கள். வலி விட்டது. சனிக்கிழமை, உப்பும் பழமும் உயர்ந்த சீட்டும் இருக்கும்போதே மறுபடி வந்தது. அப்பா அப்போது ரயிலில் இருந்தார் என்பதை நான் அவரிடம் சொன்னேன். “உனக்கும் பக்கோடா வாங்கிக் குடுத்துட்டானா?” என்றார். மாமா வாங்கிக் கொடுத்திருந்தார் என்பதால் என் சாட்சியம் தள்ளுபடியானது.

பிற்காலத்தில், உடம்பைக் குறைக்க ஓடப்போய் நானும் அந்த வலியில் நடுரோட்டில் உட்கார்ந்தபோது, டாக்டரிடம் காரணம் கேட்டேன். உப்பாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், நரம்பாக இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை என்றார். எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுவிட்டார்.

ஞாயிறு மாலை. கொடியை இறக்கி ஆட்டத்தை முடிக்க இன்னும் சிறிது நேரம்தான். கூட்டம் கயிற்றை நெருக்கிக்கொண்டு நின்றது. மாமாவுக்கு மறுபடி பிடித்தது. இந்த முறை சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. “நடிப்பைக் கிட்ட போய்ப் பார்க்கிறேன்” என்று கயிற்றைத் தாண்டி உள்ளே போன அப்பா, கூடவே நடந்து கெண்டைக்காலைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. தோலுக்கு அடியில் சதை கருங்கல் மாதிரி திரண்டு, எலி போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

“இறங்குடா” என்றார் அப்பா.

“எதுக்கு? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டறதுக்கா?”

“சொல்ல மாட்டேன். இறங்கு, மாப்ள.”

“உங்களை எனக்குத் தெரியும் மச்சான்.”

அப்பா ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டு, குனிந்தபடியே ஓட ஆரம்பித்தார். ஜனங்கள் விசிலடித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள்.

நான் நின்ற பக்கம் வந்தபோது சைக்கிள் வேகம் குறைந்து சாய்ந்தது. மாமாவின் இடது கால் பெடலிலிருந்து நழுவியது. கட்டைவிரல் புழுதியில் பட்டு ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தது. அதற்குள் அப்பா தோளைக் கொடுத்துச் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துவிட்டார்.

“பட்டுச்சி! பட்டுச்சி!”

“எங்கடா பட்டுச்சி? கண்ணு அவிஞ்சி பூச்சா?”

பாய் மைக்கைப் பிடித்தார். “சத்தம் போடாதீங்க. சார் சொல்லட்டும். ஒரு வாரமா அந்தப் பையனை நம்பாதவரு இவர் ஒருத்தர்தான். இவர் சொல்றதை நான் கேட்டுக்கிறேன்.”

மைதானமே அப்பாவைப் பார்த்தது. அப்பா தரையைப் பார்த்தார். கோடு அவர் மூக்குக்கு நேரே கிடந்தது. நான் அவருக்குக் கை காட்டினேன். அவரோ சைக்கிளைப் பிடித்தபடியே இரண்டடி நகர்ந்து, சரியாக அந்தக் கோட்டின் மேலேயே ஷூவை வைத்து நின்றுகொண்டார். அப்புறம் எப்படித் தெரியும்?

“படல” என்றார்.

நேரம் முடிந்ததும் பாய் கொடியை இறக்கினார். மாமாவைத் தூக்கி இறக்கினார்கள். வலி போன இடம் தெரியவில்லை. கால் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. “பார்த்தியா, சுத்த நடிப்பு” என்று சொல்லிக்கொண்டே அப்பா அவரைக் கேரியரில் உட்காரவைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைச் சமையலறையில் பிடித்து, அப்பாவுக்குக் கண் போய்விட்டது, காலடியில் கிடக்கிற கோடுகூடத் தெரியவில்லை, உடனே கண்ணாடி போட வேண்டும் என்றேன். அம்மா நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே, வேலை போயிடும்” என்றாள்.

நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்து, “லாரி வருதுப்பா, நில்லு” என்று நான்தான் அவரைப் பத்திரமாக அழைத்துப்போனேன்.