சின்ன ஆலா விலத்திய இடம்

திரேசா போய்விட்டாள் என்று படகோட்டி அந்தோனி அண்ணை தொலைபேசியில் சொன்னபோது நான் பெரியமடுவில் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "வெறும் காய்ச்சல் எண்டுதானே, பிள்ளை, ஆசுப்பத்திரிக்குப் போனவள்," என்றார். 

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவள் வீட்டார் கேட்டார்கள். அவளைச் சிறுவயதிலிருந்து அறிந்த உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, கடலில் நாங்கள் வேலை செய்த நாட்களைத்தான்.

பறவைகளுக்குள் இடத்துக்கு நடக்கும் போட்டியை ஆராயும் திட்டமொன்றில் இருவரும் தற்காலிக உதவியாளர்கள். தலைமன்னாருக்கு அப்பாலுள்ள தீடைகளில், கடல் நடுவேயுள்ள மணல் திட்டுகளில், ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடும். ஒரு தீடையில் பெரிய கொண்டை ஆலாக்கள் மேட்டை நிறைத்திருந்தன. சின்ன ஆலாக்கள் அலை நனைக்கும் விளிம்பில் முட்டையிட்டிருந்தன. பக்கத்துத் தீடையில் பெரியவை இல்லை; அங்கே சின்னவை மேட்டிலேயே இருந்தன.

"ஒண்டையொண்டு கொத்தக் காணேல்லையே, இதிலை என்ன போட்டி?" என்றேன்.

"சண்டை முடிஞ்ச இடத்தை வந்து பாத்துக்கொண்டு நிக்கிறாய், வாயில்லாப்பூச்சி. சின்னது மேட்டை விட்டு விலத்திப்போட்டுது. விலத்தினதுக்கு என்ன நடக்குதெண்டு இருந்து பார்," என்றாள் திரேசா.

அடுத்த முறை போனபோது கடல் ஏறி வடிந்திருந்தது. விளிம்பில் ஒரு முட்டையும் இல்லை. குஞ்சொன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. மேட்டில் பெரிய ஆலாக்கள் தம் குஞ்சுகளுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தன. 

பிறகு எங்கள் திட்டத்தின் கந்தோரில் நிரந்தர வேலை ஒன்று வந்தது. இருவருக்கும் தேவை, இடம் ஒன்றுதான். நான் விண்ணப்பிக்கவில்லை என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே ஏசினாள்.

"நீ விலத்தினா நான் வெண்டனெண்டு ஆர் சொல்லுவினம்? சும்மா கிடந்த கதிரையிலை வந்து குந்தினாள் எண்டுதான் சொல்லுவினம். வாடி, வந்து என்னோடை அடிபடு."

விண்ணப்பித்து நேர்முகத்துக்குப் போனேன். அவளுக்குத்தான் கிடைத்தது. எனக்குக் கிடைக்காதது வலித்தது. அதை அவளிடமே சொன்னேன். "நல்லா வலிக்கட்டும்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

செத்தவீட்டில், அவளுடைய பெட்டி இன்னும் மூடப்படாதிருக்க, கந்தோர்ப் பெரியவர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "இனி உமக்குப் போட்டிக்கு ஆள் இல்லை, பிள்ளை. ஒரு விண்ணப்பக் கடிதம் தாரும், அவளின்ரை இடத்துக்கு உம்மைப் போட்டுவிடுறன்."

"எழுதித் தாறன், சேர். ஆனா விளம்பரம் போட்டு எல்லாரையும் கூப்பிடுங்கோ."

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?"

"ஓம் சேர்," என்றேன்.

வாயில்லாப்பூச்சியான எனக்கு அப்படிச் சொல்ல வராது; அந்த 'ஓம்' திரேசாவினுடையது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். நேர்முகத்துக்கு யார் யாரோ வருவார்கள். நான் தோற்க விரும்பக்கூடிய ஒருத்தி மட்டும் வரமாட்டாள்.