மூடாமல் வைத்த ஓரம்

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெண் உட்கார்ந்திருந்த மணைப் பக்கம் போனாள். பெண்ணின் சித்தி சிரித்த முகத்தோடு குறுக்கே வந்து, நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். எவ்வளவு மரியாதை பாருங்கள். எனக்குப் பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள். குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே அதன் போர்வையைத் தைத்து முடித்தவள் இவள்தான் என்று. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

அந்தப் போர்வையால் சாகப் பார்த்ததாகச் சொல்லப்படும் குழந்தை, அதே மண்டபத்தில் மீசையும் தாடியுமாக நின்று மூன்றாவது கப் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குழந்தை பிழைத்து, வளர்ந்து, இன்ஜினியரிங் சேர்ந்து, அதில் அரியரும் வைத்துவிட்டது. பழி மட்டும் அம்மாவை விட்டுப் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூட வேண்டியது ஊர் வாயை அல்ல. திறக்க வேண்டிய ஒரு வாய் இருக்கிறது. அது எங்கள் அத்தையின் வாய். அதுவும் அன்று அதே மண்டபத்தில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளைப் பெற்றவள் அவள் சின்ன வயதிலேயே போய்விட்டதால், பாரிவாக்கத்தில் இருந்த எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. சீர் செய்வதும் பிரசவம் பார்ப்பதும் எல்லாம் அம்மாவின் தலையில். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எட்டாம் பொருத்தம். குழம்பில் உப்பு குறைந்தால் சண்டை, டிவி சத்தம் கூடினால் சண்டை. இருந்தாலும் அத்தைக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் கிடந்தவள் அம்மாதான். மூன்றாவது முறை தங்கியது. அதற்குள் ஐயப்பன்தாங்கலில் இருந்த அத்தையின் மாமியார், இதுவும் இல்லையென்றால் மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக வாய்விட்டே சொல்லியிருந்தார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டு சொன்னார். அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வேறு பெண் பார்ப்பது என்றால் கல்யாணச் சாப்பாடு என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

வளைகாப்பு முடிந்து அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்ததும் அம்மா போர்வையை ஆரம்பித்தாள். பிறந்த குழந்தையின் மேல் புதுத்துணி படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன நூல் புடவைகள்தான் வேண்டும். அவற்றைக் கஞ்சி போகக் கொதிநீரில் அலசி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடத்துத் தரையில் விரித்து, நகராமல் இருக்க ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டியையும் இன்னொரு மூலையில் இட்லிக் குண்டானையும் வைப்பாள். பிறகு வரிசை வரிசையாகக் கைத்தையல். அம்மாவின் தையல் நொய்யரிசி மாதிரி இருக்கும். பொடிசாக, ஒரே அளவாக, இடைவெளி தெரியாமல்.

இந்த வேலை நிம்மதியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வரிசை ஓடுவதற்குள் குக்கர் கத்தும். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று தெரு கத்தும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வரும் அப்பா, அந்தப் போர்வை மேலேயே கால் நீட்டி உட்கார்ந்து சாப்பாடு கேட்பார். ஊசி காணாமல் போய்விட்டால் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவோம். கால் வைக்க ஆள் இருக்காது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் அம்மாவுடையதுதான். இப்படி எல்லோருக்கும் நடுவில், எல்லோர் காலுக்கும் அடியில்தான் அவள் அதைத் தைத்தாள்.

மூன்று ஓரங்களையும் மடித்துத் தைத்தவள் நான்காவதைத் தைக்கவில்லை. குழந்தை பூமிக்கு வந்து அழுத பிறகுதான் அதை மூட வேண்டும். வராத விருந்தாளிக்கு இலை போட்டுச் சோறு வைக்கக் கூடாது இல்லையா, அந்தக் கணக்கு. இதை நம்பினாளா என்று கேட்டால், அம்மா நம்பினாள். இரண்டு முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் எதைத்தான் நம்பமாட்டாள்?

அத்தைக்கு அந்த ஓரம் கண்ணை உறுத்தியது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவள். தையல் விட்டிருந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடுவதுதான் அவள் வேலையே. வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரைப் பார்த்து முகம் சுளிப்பாள். அப்படிப்பட்டவளை, எட்டாம் மாதத்தில், செய்ய ஒரு வேலையும் கொடுக்காமல், ஓரம் திறந்த போர்வைக்கு எதிரே உட்கார வைத்தால் என்ன ஆகும்?

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அத்தை சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேலேயே போர்வையைப் போட்டுக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி நான்காவது ஓரத்தை முடித்துக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தபோது அம்மா அரிசிப் பையோடு உள்ளே வந்தாள். பை கீழே விழுந்தது. இன்னா காரியம் பண்ணிட்டே நீ என்று மட்டும்தான் கேட்டாள்.

“இன்னா அண்ணி, மூணு பக்கம் மூடிகினு ஒரு பக்கம் வாயப் பொளந்துகினு கீது. எங்க கம்பெனில இந்த மாரி பீஸ் வந்தா தூக்கிப் போட்டுடுவாங்க” என்று அத்தை சிரித்தாள். சிரிக்கும்போது அழகாக இருப்பாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா உடனே பிரிக்க வேண்டும் என்றாள். அத்தை, கஷ்டப்பட்டுத் தைத்ததைப் பிரித்தால் தான் சாப்பிடவே போவதில்லை என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பட்டினி போட முடியுமா? அவள் தூங்கும்போது பிரித்துக்கொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டாள். மறுநாள் எனக்குக் காய்ச்சல், அதற்கடுத்த நாள் அப்பாவின் கம்பெனி ஆட்கள் சாப்பாட்டுக்கு வந்தார்கள். போர்வை பீரோ மேலேயே கிடந்தது. அந்த வாரக் கடைசியில் அத்தைக்கு வலி எடுத்துவிட்டது.

மாதம் நிறையாமல் பிறந்த பையன். எலிக்குஞ்சு மாதிரி இருப்பதாக அப்பா வந்து சொன்னார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைக்குமா என்று கேட்டால் டாக்டர்கள் மேலே பார்த்தார்கள். அத்தை ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அம்மா தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் வந்தாள்.

அப்படி அவள் போய்விட்டுத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிய அதே நேரத்தில்தான் அத்தையின் மாமியார் வந்தார். தனியாக வரவில்லை. மகளையும், பேச்சுக்குத் துணையாக இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பீரோ மேல் இருந்த போர்வை கண்ணில் பட்டது. மடிப்புக்குள் இருந்து நான்காவது ஓரத்தின் ஒரு முனை மூடிக்கொண்டு வெளியே தெரிந்தது.

அவர் பேசியதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தாளுக்குத்தான் அவமானம். பிள்ளை பிறந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அலையவே நேரம் போதாதபோது எப்போது தைத்தாய், முன்னாலேயே மூடியதுதானே என்று பிடித்துக்கொண்டார். பிள்ளையை முழுங்கவென்றே போர்வையை மூடியதாகச் சொன்னார். துணைக்கு வந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். ஒரு உயிர் கண்ணாடிப் பெட்டியில் போராடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு நீதி விசாரிக்கிறார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவோ, விருந்தாளிகளுக்குக் கலர் சோடா வாங்கி வருவதாகச் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். நியாயம் கேட்கவேண்டிய நேரத்தில் எல்லாம் என் அப்பாவுக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

“உள்ளதச் சொல்லு. இத முடிச்சது நீயா, அவளா? அவ கை சும்மா இருக்காதுன்னு எனுக்குத் தெரியும்.”

அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “நான்தாம்மா. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்” என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. நான் பார்த்தேன், அம்மா இல்லை, அத்... என்று வாயைத் திறந்தேன். அறை விழுந்தது. அம்மா என்னை அடித்ததே இல்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகவே அடிப்பாள். ஆனால் பொய் சொன்னதற்குத்தான் அடிப்பாள். உண்மையைச் சொல்லப் போனதற்கு அடித்தது அன்று ஒருநாள்தான். பெரியவர்கள் பேசும்போது உனக்கென்ன என்று என்னை மூலைக்குத் தள்ளினாள்.

அத்தையின் மாமியார் நான் விட்ட பாதிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். என்னையே பார்த்தார். பிறகு, எங்கே, அந்தப் போர்வையை எடு, பார்க்கலாம் என்று கையை நீட்டினார். அவர் புருஷனை இழந்தபின் ரவிக்கை தைத்தே மகனை வளர்த்தவர். ஒரு தையலைப் பார்த்தால் எந்தக் கை போட்டது என்று சொல்லக் கூடியவர். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கன்னம் எரிந்தாலும் பரவாயில்லை, அம்மா தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று பக்கம் நொய்யரிசி, நான்காவது பக்கம் அவசரத்தில் போட்ட நீட்டு நீட்டான தையல். குருடருக்குக்கூடத் தெரியுமே.

அம்மா போர்வையை எடுத்தாள். கொடுக்கவில்லை. தப்பு பண்ணிய கையாலேயே பிரித்துவிடுகிறேன், பிள்ளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்லியபடி தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். அரைப் பிளேடு ஒன்றை எடுத்து அந்த ஓரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பிரித்தாள். விரலில் வெட்டுப் பட்டது, நிறுத்தவில்லை. நான் மூலையில் நின்று விக்கி விக்கி அழுதேன். இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தன் கையாலேயே அழிக்கிறாளே, மடச்சி, மடச்சி என்று மனசுக்குள் திட்டினேன். என் அம்மாவை அப்படித் திட்டும் அளவுக்கு எனக்குக் கோபம்.

பிரித்து முடித்தும் அவள் கொடுக்கவில்லை. நூல் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து அந்த ஓரத்தை நீவினாள். திரும்பத் திரும்ப, நகத்தால் அழுத்தி அழுத்தி நீவினாள். அதற்கப்புறம்தான் நீட்டியிருந்த கையில் போர்வையை வைத்தாள். அந்த அம்மாள் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பக்கத் தையல் மேலும் விரலை ஓட்டினார். கை சுத்தமாத்தான் கீது, புத்திதான் இல்ல என்று சொல்லிவிட்டு எழுந்தார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கை நடுங்காமல் இருக்கத்தான் துணியை அப்படி நீவுகிறாள் என்று நினைத்தேன். ஒரு கிழவியின் அதட்டலுக்கு இப்படிப் பயப்படுகிறவளின் வயிற்றில் போய்ப் பிறந்தோமே என்று அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன். தன் பழியைக் கழுவ வேண்டிய நேரத்தில், அந்த ஓரத்தில் இருந்தது நாத்தனாரின் கை என்று அவளுடைய மாமியார் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, என் அம்மா ஒவ்வொரு ஊசித் துளையாக அடைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.