முதல் கோப்பைத் தண்ணீர்

என் பட்டறையில் ஸ்பானர்கள் மாட்டியிருக்கும் பலகைக்கு மேலே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புவது அதன் வேலை. அதன் தலையில் கவிழ்ந்திருக்கும் மூடி இது. வண்டி கொண்டுவருகிறவர்கள் சிலர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க, குப்பையில போட வேண்டியதுதானே" என்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் தலைமுடி அளவில் ஒரு வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொன்னால் வந்தவர் வேறு பட்டறை தேடிப் போய்விடுவார். அதனால் "சும்மா கிடக்கட்டும்" என்று வாங்கித் திரும்ப மேலே வைத்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தேன். கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை ஓடவைப்பதுதான் என் வேலை என்றாலும், தோட்டத்து பிக்கப் படுத்துக்கொண்டால் அதுவும் என் தலையில்தான் விழும். ஏறக்குறைய என் வயதுள்ள ஜப்பான் வண்டி அது. தபால், மருந்து, உரமூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளி எல்லாம் அதில்தான். எப்போதோ ஒரு மரக்கிளை விழுந்து பானெட்டின் ஓரம் மடங்கி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதை ஓட்டியவரை எல்லாரையும் போல நானும் டிரைவரண்ணன் என்றே கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கியவர், பேச்சு குறைவு. அவருடைய சீட்டுக்கு அருகில் ஒரு தண்ணீர் கேனும், விளிம்பு உதிர்ந்த வெள்ளை இனாமல் கோப்பையும் எப்போதும் இருக்கும். அந்தக் கோப்பையில் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்திலிருந்து பண்டாரவளைக்கு இறங்கும் பாதையில், பன்னிரண்டாம் நம்பர் மலையைச் சுற்றி ஒரு வளைவு வரும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், எந்த நேரமும் மூட்டம். நான் அந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் டிரைவரண்ணனின் மனைவி அங்கேதான் இறந்துபோனார். காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கியதால் அவரே மனைவியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர். "தண்ணி" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். "இரு, வண்டிக்கு ஊத்திட்டு மிச்சத்தத் தர்றேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கிளம்பியபோது அந்த அம்மாவுக்கு மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு பிக்கப் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் நடுங்கும் என்று தோட்டமே சொன்னது. நானும் பலமுறை பின்னால் உட்கார்ந்து போனபோது அதைக் கேட்டிருக்கிறேன். நாலு சிலிண்டரில் ஒன்று விட்டு விட்டு வேலை செய்யும். வண்டி முழுக்கக் குலுங்கும், சில நாள் நின்றேவிடும். உள்ளே காற்று இழுக்கும் சத்தம் ஒரு மூச்சு விட்டு, ஒரு மூச்சு அடைத்து, நெஞ்சுச்சளி கட்டிய ஆள் படுத்திருப்பதைப் போலக் கேட்கும். வளைவு வருமுன்பே பெண்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். தண்ணீர் என்ற சொல்லை அந்த வளைவில் யாரும் வாயால் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூடப் போத்தலைத் திறக்கமாட்டார்கள். எனக்கு அப்போது வாய் நீளம். "பேய்க்கு டியூனிங் பண்ண எனக்குத் தெரியாதுப்பா" என்று ஃபேக்டரியில் கேலி பேசியிருக்கிறேன். மழை நாளில் வண்டி எல்லா வளைவிலும்தான் நடுங்கியது. மழை நாளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒருநாள் டிரைவரண்ணன் தானாகவே ஃபேக்டரிக்கு வந்தார். வெலிமடையில் கட்டிக்கொடுத்த அவருடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாய் இல்லாத வீடாக இருந்தாலும் தாய்வீடு அதுதானே. லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றபடி தேநீர் குடிக்கும் அந்தப் பெண்ணை நானும் பார்த்திருந்தேன், நிறைமாதம்.

"தம்பி, வண்டிய பாத்துக் குடு" என்றார். "இத்தன நாளு நான் உன்கிட்ட கேக்கல. இப்ப மக வந்திருக்கா. வலி எடுத்தா அந்த வளைவுலதான் கொண்டு போவணும். என்னைய அவ எத்தன தடவ வேணுனாலும் நிப்பாட்டட்டும். மகள நிப்பாட்டக் கூடாது."

அவர் கண்ணைப் பார்த்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். பொயின்ட் இடைவெளியைச் சரிபார்த்தேன். கார்பரேட்டரைப் பிரித்து ஊதினேன். பெட்ரோல் குழாயில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. நானே தனியாக ஓட்டிக்கொண்டு வளைவுக்குப் போனேன். வண்டி கொஞ்சமும் அசங்காமல் போய்த் திரும்பியது. நடுங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பவும் ஒரு தடவை போய் வந்தேன், அப்போதும் நடுங்கவில்லை. அப்படியானால் அது இவர் ஓட்டினால் மட்டும்தான் நடுங்குகிறது.

அடுத்த நாள் சாயங்காலம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வளைவில் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். எப்போதும் இறங்குவதுதான், மூட்டத்தில் பாதை பார்க்க இறங்குகிறார் என்றே பின்னால் இருந்த நாங்கள் நினைத்திருந்தோம். கோப்பையைக் கேனில் நிரப்பிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனார். மூட்டத்தில் அவருடைய தோளும் தலையும் மட்டும் தெரிந்தன. உதடு அசைந்தது. பாதித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். மீதியை பானெட்டின் மேல் ஊற்றினார். ஏறி உட்கார்ந்ததும், நான் கேட்காமலே சொன்னார்: "மொதல்ல அவளுக்கு. அப்புறந்தான் வண்டிக்கு." பத்து எண்ணுவதற்குள் எஞ்சின் நடுங்கத் தொடங்கியது. அந்த மூச்சுச் சத்தமும் வந்தது. என் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் என் கண் மடங்கிய பானெட்டின் அந்த இடைவெளியிலேயே இருந்தது.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவுகளைச் சாத்தினேன். கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்குப் போடும் கம்பளிகள் இரண்டை வாங்கி வந்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டேன். டிரைவரண்ணனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இருட்டில் எஞ்சின் சீராக ஓடியது. பானெட்டின் இடைவெளி வரும் இடத்துக்கு நேரே கோப்பைத் தண்ணீரை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பு மூடியின் மேல் நீலமாக ஒரு நெருப்பு, மண்புழு அளவில், நெளிந்து நெளிந்து ஓடியது. அது ஓடும்போதெல்லாம் எஞ்சின் மூச்சடைத்தது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஈரம் வெடிப்பில் இறங்கினால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெடிப்பின் வழியாகக் கசிகிறது. என் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கம்பளிக்குள் தலையை விடச் சொல்லி, இன்னொரு கோப்பை ஊற்றிக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அப்ப நான் ஊத்துறதுதான் நிப்பாட்டுதா?"

"ஆமாண்ணே. நீங்க ஊத்தலன்னா ஒன்னும் ஆவாது."

"அவ இல்லையா?"

நான் போய் எஞ்சினை நிறுத்தினேன். அவர் கோப்பையைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு ரேடியேட்டருல ஊத்துறப்ப கை நடுங்கிச்சு. பாதி வெளிய கொட்டிருச்சு. அதுக்கப்புறம்தான் வண்டி புடிக்கல தம்பி." மூடியைக் காட்டினார். "இந்த வெடிப்பு அன்னைக்கும் இருந்துச்சா?"

மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வெடிப்பு நெடுகக் கருகிய தடம். அதற்குள் வருடக்கணக்கான எண்ணெய் அழுக்கு இறுகிக் கிடந்தது. அவர் மனைவிக்குக் கொடுக்காத தண்ணீர்தான் வண்டியை நிறுத்தியிருந்தது. கொடுத்திருந்தால் தாகமும் தணிந்திருக்கும், ரேடியேட்டர் ஆறியதும் வண்டியும் கிளம்பியிருக்கும். இதை எப்படி ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே சொல்வது?

"இல்லண்ணே, இது புது வெடிப்பு" என்றேன். "போன மழைக்கு அப்புறம் வந்திருக்கும்."

"அப்ப இத்தன வருசமா நிப்பாட்டுனது?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. கம்பளிக்குள் வைத்துப் பிடித்த பேயை, என் வாயாலேயே திரும்பவும் வளைவில் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

பண்டாரவளையில் புது மூடி வாங்கிப் போட்டேன். கோப்பை கோப்பையாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், எஞ்சின் அசையவில்லை. நாலைந்து நாள் கழித்து, காலைப் பெரட்டில் பேர் பதிந்து ஆட்கள் மலைக்குப் போன நேரம், மகளுக்கு வலி எடுத்தது. முன்னால் டிரைவரண்ணன், மகள், பிரசவம் பார்க்கும் தோட்டத்து மருத்துவமாது மூவரும். "நீயும் ஏறு தம்பி" என்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கேபினின் பின்கண்ணாடி உடைந்துபோய் வெறும் சாக்குத்தான் தொங்கியது, அதனால் பேசுவதெல்லாம் கேட்டது. மூட்டம் அன்று பாதையையே மறைத்திருந்தது. பன்னிரண்டாம் நம்பர் மலை வந்ததும் மருத்துவமாது பேச்சை நிறுத்திக்கொண்டார். சரியாக வளைவின் நடுவில் அந்தப் பெண் சொன்னாள்:

"அப்பா, தண்ணி."

வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தேன். டிரைவரண்ணன் கோப்பையை நிரப்பி மகளின் வாயில் வைத்தார். அவர் கை நடுங்கவில்லை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவள் குடிக்கத் தொடங்கியபோது எஞ்சின் நடுங்கியது. அதே மூன்று சிலிண்டர், அதே மூச்சு. மழை இல்லை. பானெட்டில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. புது மூடி, என் கையால் போட்டது. மருத்துவமாது "முருகா" என்றார். அந்தப் பெண் கோப்பையைக் காலி செய்யும்வரை அது நடுங்கியது. டிரைவரண்ணன் முன்கண்ணாடியைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் கேட்பதுபோல, "குடிச்சிட்டா. போவட்டுமா?" என்றார். எஞ்சின் சீரானது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரி வாசலிலேயே பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றினேன். காய்ந்து கிடந்தது. வெடிப்பு இல்லை. பிளக், வயர், பெட்ரோல் எதிலும் குறை இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ எஞ்சின்களைத் திறந்துவிட்டேன். அன்றைய நடுக்கத்துக்கு மட்டும் என்னிடம் காரணம் கிடையாது.

சில வருடங்களில் தோட்டத்தை விட்டு வந்து பண்டாரவளையில் இந்தப் பட்டறையைப் போட்டேன். டிரைவரண்ணனும் வேலையை விட்டு வெலிமடையில் மகளோடு போய் இருந்தார். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் என்னைப் பார்க்க வந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போவதைச் சொல்லிக்கொண்டே பலகையைப் பார்த்தவர், மூடியைக் கையில் எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வெடிப்பில் நகத்தை வைத்து மெல்லச் சுரண்டினார். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர் அவர்.

"பழசுதான் தம்பி" என்றார்.

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"நீ அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் ஸ்டியரிங்க தொட்டிருக்க மாட்டேன். மகள யாரு கொண்டு போயிருப்பா?" என்று மூடியை இருந்த இடத்திலேயே வைத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். வெளியே போய் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு மீதியைக் குடித்தார். உள்ளே நான் ஓடவிட்டிருந்த வேன் ஒன்றின் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி நின்றார். அது சீராக ஓடியது. பஸ் வந்து போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அவர் இப்போது இல்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும்போது முதல் கோப்பையை நான் வாசலில் ஊற்றுகிறேன். வண்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். ஊற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தக் கறுப்பு மூடியின் கீழே நின்று, எஞ்சின் நடுங்குகிறதா என்று கேட்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை அது நடுங்கினால் போதும், அன்று வண்டியை நிறுத்தியது அவர் கொட்டிய தண்ணீர் இல்லை, நான் அவரிடம் சொன்னதும் பொய் இல்லை என்று ஆகிவிடும். எல்லா வண்டியும் சீராகத்தான் ஓடுகிறது.